கேட்க மாட்டாளா, கேட்கவில்லையா?

தமிழில் “கேள்” என்ற ஒரு சொல்லுக்குள் பல பொருள்கள் இருக்கின்றன. காதால் கேட்பதும் கேட்பதுதான். வாய் திறந்து வினவுவதும் கேட்பதுதான். பெரியவர் சொன்னபடி நடப்பதும் கேட்பதுதான். “இவள் சொல் கேட்க மாட்டாள்” என்று ஒரு பிள்ளையைப் பற்றிக் குறை சொல்லும்போது நாம் கடைசிப் பொருளில் சொல்கிறோம். முதலாவது பொருளிலேயே அது உண்மையாக இருக்கலாம் என்று நமக்குத் தோன்றுவதில்லை. எனக்கும் தோன்றவில்லை. ஓர் ஆசிரியையாக நான் செய்த அந்தத் தவறிலிருந்தே இதை எழுதத் தொடங்குகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஆறாம் தரத்தில் ஒரு மாணவி இருந்தாள். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் அவளுடைய வாப்பா சிறு கடை வைத்திருந்தார். அமைதியான பிள்ளை. பின் வாங்கில் சுவரோரமாக இருப்பாள். சொல்வதெழுதலில் “படை” என்று நான் சொன்னால் “கடை” என்று எழுதுவாள். “தடை” என்றால் “சடை” என்று எழுதுவாள். கேள்வி கேட்டால் சிரிப்பாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் இரண்டாவது தடவைதான் திரும்புவாள். தவணை அறிக்கையில் நான் எழுதியது இரண்டே சொற்கள்: “கவனம் போதாது.”

உண்மையைக் கண்டுபிடித்தது நானல்ல, அவளுக்குப் பக்கத்தில் இருந்த பிள்ளை. “மிஸ், அவளுக்கு இந்தப் பக்கத்தால பேசினா வெளங்குதில்ல. அந்தப் பக்கம் போய்ப் பேசணும்” என்றாள். பிறகு வைத்தியசாலைக்குக் கூட்டிப் போனார்கள். வலது காதின் சவ்வில் ஓட்டை, சிறு வயதிலிருந்தே சீழ் வடிந்த காது. இடது காதிலும் கேட்டல் குறைவு. அந்தப் பிள்ளை ஆறு வருடமாகப் பாதிப் பாடத்தைக் கேட்டு, மீதியை ஊகித்து, புலமைப்பரிசில் பரீட்சையும் எழுதி, எங்கள் பாடசாலைக்கு வந்திருக்கிறாள். கவனம் போதாதவள் அவளல்ல, நான்.

கேட்டல் குறைபாடு தன் சொந்தப் பெயரில் வருவதில்லை. பிள்ளைகளிடம் அது “கவனயீனம்”, “மந்தம்”, “அடம்” என்ற பெயர்களில் வருகிறது. தொழிலாளியிடம் “பேச்சு மதிக்காதவன்” என்று வருகிறது. மருமகளிடம் “திமிர்” என்றும், முதியவரிடம் “வயசு” என்றும் வருகிறது. நாம் இந்தப் பெயர்களைச் சூட்டுவதை நிறுத்தாத வரைக்கும் எந்தக் கருவியும் யாருக்கும் உதவாது என்பதே என் கருத்து. அத்தோடு, கருவி ஒன்றை வாங்கிக் கையில் கொடுத்ததும் நம் கடமை முடிந்துவிட்டது என்று நினைப்பதும் தவறு.

உலக சுகாதார நிறுவனம் 2021 இல் செவிப்புலன் பற்றிய உலக அறிக்கையை வெளியிட்டது. அதன்படி உலகில் சுமார் 150 கோடிப் பேருக்கு ஏதோ ஓர் அளவில் கேட்டல் குறைவு இருக்கிறது. அவர்களில் 43 கோடிப் பேருக்குச் சிகிச்சையோ கருவியோ பயிற்சியோ தேவைப்படுகிறது. அதே நிறுவனம் சொல்லும் இன்னொரு கணக்கு நம்மை நிமிர்ந்து உட்கார வைக்க வேண்டும்: சிறுவர்களுக்கு வரும் கேட்டல் குறைபாட்டில் நூற்றுக்கு 60 பங்கு தடுக்கக் கூடியது.

தடுக்க முடியும் என்பதற்கு நம் நாடே சாட்சி. கர்ப்பிணித் தாய்க்கு ருபெல்லா என்னும் ஜேர்மன் சின்னமுத்து வந்தால் குழந்தை காது கேளாமலும் கண் பார்வை குன்றியும் இருதயக் கோளாறோடும் பிறக்கலாம். இலங்கையில் ருபெல்லாத் தடுப்பூசி 1996 இல் ஆரம்பிக்கப்பட்டது. 2020 இல் அந்த நோய் இங்கிருந்து ஒழிக்கப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. பாடசாலைக்கும் தோட்டத்துக்கும் கிராமத்துக்கும் ஊசிப் பெட்டியோடு நடந்த குடும்ப நல உத்தியோகத்தர்களின் கால்கள் செய்த வேலை அது. இத்தனை பெரிய காரியத்தைச் செய்து முடித்த நாட்டில், சீழ் வடியும் காதுக்குக் காய்ச்சிய எண்ணெய் ஊற்றும் பழக்கத்தை நம்மால் இன்னும் நிறுத்த முடியாதிருப்பது வெட்கம்.

எப்படி அறிந்துகொள்வது? பிறந்ததிலிருந்தே பார்ப்போம். நம் வீடுகளில் குழந்தை பிறந்ததும் அதன் காதில் பாங்கு சொல்கிறோம். அந்தச் சத்தம் பிள்ளைக்குக் கேட்டதா என்று பிறகு எவரும் யோசிப்பதில்லை. பெரிய சத்தத்துக்குத் திடுக்கிடாத குழந்தை, மூன்று மாதத்தில் உம்மாவின் குரலுக்கு அமைதியாகாத குழந்தை, ஆறு மாதத்தில் சத்தம் வந்த பக்கம் தலை திருப்பாத குழந்தை, ஒரு வயதில் தன் பெயருக்குத் திரும்பாத குழந்தை: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் காத்திருக்கக் கூடாது. “இவன்ட வாப்பாவும் லேட்டாத்தான் பேசினார்” என்ற ஆறுதலில் எத்தனையோ வருடங்கள் வீணாகிப் போகின்றன. பிறந்து ஒரு மாதத்துக்குள் முதற் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி செய்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பதுதான் உலகெங்கும் வைத்தியர்கள் வைத்திருக்கும் இலக்கு. மூளை மொழியைப் பிடித்துக்கொள்ளும் காலம் முதல் சில வருடங்கள்தான். அதைத் தவறவிட்டால் பிறகு கருவி வந்தாலும் பேச்சு வரச் சிரமப்படும்.

தோட்டங்களில் தாய் விடியற்காலையில் பெரட்டுக்குப் போய்விடுகிறாள். பகல் முழுவதும் குழந்தை பிள்ளைக் காம்பராவில் இருக்கிறது. அங்கே பிள்ளை பார்க்கும் ஆயாவுக்கு இந்த நான்கு அறிகுறிகளையும் சொல்லிக் கொடுத்தாலே பாதி வேலை முடியும். அவருக்குப் படிப்புத் தேவையில்லை, ஒரு கிலுகிலுப்பையும் பொறுமையும் போதும்.

பாடசாலை வயதில் அறிகுறிகள் வேறு. அடிக்கடி “ஆ?”, “என்ன?” என்பது, பேசுபவரின் வாயையே பார்ப்பது, ஒரு காதைத் திருப்பிக் கொடுப்பது, தொலைக்காட்சிக்குக் கிட்டப் போய் இருப்பது, வீட்டில் ஒருவரோடு நன்றாகப் பேசிவிட்டு இரைச்சலான வகுப்பில் ஊமையாவது, ச, ஷ, ஸ ஓசைகளை மாற்றிச் சொல்வது. தடிமன் வரும்போதெல்லாம் காதில் சீழ் வடிந்தால் அதுவும் எச்சரிக்கைதான். பாடசாலை மருத்துவப் பரிசோதனைக்குச் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்திலிருந்து வருவார்கள். அன்றைக்குப் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ளாமல் அனுப்புங்கள். சந்தேகம் இருந்தால் ஒரு துண்டில் எழுதியும் அனுப்புங்கள்.

மாணவிகளே, உங்களுக்கும் ஒன்று. காதுக்குள் செருகும் இயர்போனில் கைத்தொலைபேசியின் சத்தத்தை 60 வீதத்துக்கு மேல் ஏற்றாதீர்கள். காதின் உட்பகுதியில் நத்தை ஓடு போன்ற ஓர் உறுப்பு இருக்கிறது. அதற்குள் உள்ள மிக நுண்ணிய மயிர்க் கலங்கள்தான் சத்தத்தை நரம்புக்குக் கொடுக்கின்றன. அவை ஒருமுறை செத்தால் மீண்டும் முளைப்பதில்லை.

அந்தக் கலங்களை அழிப்பதில் இயர்போனுக்கு மூத்தது இயந்திரம். ஊவா முழுவதும் தேயிலைத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. ஹப்புத்தளை தம்பேத்தென்னையில் தோமஸ் லிப்டன் 1890 இல் கட்டிய தொழிற்சாலை இன்றும் வெளிநாட்டார் வந்து பார்க்கும் இடம். பார்க்க வருபவர் அரை மணித்தியாலத்தில் போய்விடுவார். கொழுந்து அரைக்கும் ரோதைகளுக்குப் பக்கத்தில் இருபது, முப்பது வருடம் நிற்பவர் வேறு. ஒரு கை நீளத்தில் நிற்பவரோடு குரலை உயர்த்தித்தான் பேச முடிகிறது என்றால் அங்கே இரைச்சல் சுமார் 85 டெசிபலைத் தொட்டுவிட்டது என்று பொருள். நாளுக்கு எட்டு மணித்தியாலம் அதில் நிற்பதே எல்லை. மேலும் 3 டெசிபல் கூடினால் பாதுகாப்பான நேரம் நான்கு மணித்தியாலமாகக் குறைகிறது. தலையில் தொப்பி இல்லாமல் கட்டட வேலைக்கு விடமாட்டோம் என்கிற நாம், காதடைப்பு இல்லாமல் ரோதைக்குப் பக்கத்தில் விடுகிறோம். தொழிற்சங்கங்கள் சம்பளத்தோடு இதையும் கேட்க வேண்டும்.

இரைச்சலாலும் வயதாலும் வரும் குறைவு ஒரு தந்திரம் செய்யும். அது மெல்லிய, உயர்ந்த ஓசைகளை முதலில் எடுத்துவிடும். “கடை”, “தடை”, “படை” என்ற சொற்களில் “அடை” என்ற உரத்த பகுதி கேட்கும், முன்னாலுள்ள மெல்லிய எழுத்துக் கேட்காது. என் உம்மும்மா சொல்வார்: “சத்தம் கேக்குது மகள், பேச்சுத்தான் வெளங்குதில்ல.” நாங்கள் இன்னும் கத்திப் பேசுவோம். அவர் “ஏன் ஏசுறீங்க?” என்பார். கத்தினால் உரத்த பகுதிதான் மேலும் உரக்கும். முகத்துக்கு நேரே வந்து, சற்று மெதுவாக, வாய் தெரியும்படி பேசினால் விளங்கும். இதை நாங்கள் அறிந்தபோது அவர் விருந்து வீடுகளுக்குப் போவதையே விட்டிருந்தார். காது கேளாதவர் முதலில் இழப்பது சத்தத்தையல்ல, மனிதரை.

அடுத்தது எங்கே போவது? கருவிக் கடைக்கு அல்ல, முதலில் வைத்தியரிடம். பதுளை போதனா வைத்தியசாலையில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவு இருக்கிறது. வெலிமடை, தியத்தலாவை, மஹியங்கனை வைத்தியசாலைகளிலிருந்தும், தோட்ட வைத்தியரிடமிருந்தும் கடிதம் பெற்று அங்கே போகலாம். எல்லாக் கேட்டல் குறைவுக்கும் கருவி தேவையில்லை. காதுக் குறும்பி அடைத்திருந்தால் அதை எடுத்தவுடன் கேட்கும். சீழுக்கு மருந்து இருக்கிறது. சவ்வின் ஓட்டையைச் சத்திரசிகிச்சையால் மூடலாம். இவற்றைப் பார்க்காமல் கருவியைப் பொருத்துவது, கூரை ஒழுகும்போது பாத்திரம் வாங்குவது போன்றது. இன்னொன்று: ஒரே இரவில் ஒரு காது அடைத்துக் கேளாமல் போனால் அது அவசர நோய். அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்காமல் உடனே போக வேண்டும்.

கருவி வேண்டும் என்று வைத்தியர் சொன்னால், கையில் முதலில் இருக்க வேண்டியது செவிப்புலன் வரைபடம். எந்த ஓசை எத்தனை டெசிபலில் கேட்கிறது என்று அதில் இருக்கும். வலது காது சிவப்பு வட்டம், இடது காது நீலப் புள்ளடி. சாதாரணப் பேச்சு சுமார் 60 டெசிபல், இரகசியம் பேசுவது சுமார் 30. இதை வைத்துப் பார்த்தாலே ஒருவருக்கு எது கேட்கும், எது கேளாது என்பது பெற்றோருக்கும் விளங்கும். இந்த வரைபடத்தைக் கேட்காமல் கருவி விற்பவரிடம் வாங்காதீர்கள். இணையத்திலும் சந்தையிலும் மலிவாக வரும் பல பொருட்கள் எல்லாச் சத்தத்தையும் ஒன்றாக உயர்த்தும் பெருக்கிகள் மட்டுமே. உண்மையான கருவி, குறைந்த ஓசையை மட்டும் குறைந்த அளவுக்கு உயர்த்தும்படி அந்தக் காதுக்கென்று சரிசெய்யப்படுவது.

வகைகள் பல. சட்டைப்பையில் வைத்து வயரால் காதுக்குக் கொடுப்பது, காதுக்குப் பின்னால் மாட்டுவது, காதுத் துவாரத்துக்குள்ளேயே மறைவது. விலை பல்லாயிரத்தில் தொடங்கி இலட்சங்களுக்குப் போகிறது. பெற்றோர் பெரும்பாலும் கேட்கும் முதற் கேள்வி, “வெளியே தெரியாதது இருக்கா?” என்பதுதான். அது கடைசிக் கேள்வியாக இருக்க வேண்டும். மிகச் சிறிய கருவிக்குச் சக்தி குறைவு, பற்றரியும் சிறிது, விரல் நடுங்கும் முதியவரால் அதை மாட்டவும் முடியாது. வளரும் பிள்ளைக்குக் காதுக்குப் பின்னால் மாட்டுவதே நல்லது. பிள்ளையின் காது வளர வளர, காதுக்குள் வைக்கும் அச்சை மட்டும் மாற்றினால் போதும், கருவியை மாற்றத் தேவையில்லை.

முதலில் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. இரண்டு காதிலும் குறைவு என்றால் இரண்டுக்கும் போடத்தானே வேண்டும்? வீட்டில் சில நாள் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாமா? உத்தரவாதம் எத்தனை வருடம்? பழுதானால் பதுளையிலேயோ பண்டாரவளையிலேயோ திருத்தலாமா, கொழும்புக்கு அனுப்ப வேண்டுமா? பற்றரி எங்கே கிடைக்கும், எத்தனை நாளுக்கு வரும்? மீண்டும் சரிசெய்ய வரும்போது பணம் எடுப்பீர்களா? தமிழில் விளங்கப்படுத்த ஆள் இருக்கிறாரா? ஒரு கருவி வாங்குவது, அதைக் கவனித்துக்கொள்ளும் ஆளையும் சேர்த்து வாங்குவதுதான்.

நம் ஊருக்கென்று சில விடயங்கள் இருக்கின்றன. மழையும் மூடுபனியும் கருவிக்கு ஆகாது. இரவில் பற்றரிக் கதவைத் திறந்து, ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிகள் போட்ட மூடிய டப்பாவில் வைக்க வேண்டும். வுழூ செய்யும் முன் கழற்றி, காதைத் துடைத்து உலர்ந்த பின்னரே மாட்ட வேண்டும். மின்சாரம் அடிக்கடி போகும் லயங்களில் சார்ஜ் செய்யும் கருவியைவிடப் பற்றரி மாற்றும் கருவியே நம்பகமானது. ஆனால் அந்தப் பொத்தான் பற்றரியைச் சிறு பிள்ளை விழுங்கினால் உயிராபத்து. எட்டாத இடத்தில் வையுங்கள்.

எங்கள் மாணவியின் கதைக்கு வருகிறேன். வலது காதுக்கு மருந்தும் பிறகு சத்திரசிகிச்சையும், இடது காதுக்குக் கருவி. ஒரு மாதத்தில் கருவி மேசை லாச்சிக்குள் போய்விட்டது. கேட்டால், “பர்தா போட்டா கீச்செண்டு கத்துது மிஸ். எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க” என்றாள். காரணம் எளியது. ஒலிவாங்கி காதுக்கு மேலே இருக்கிறது. துணி அதை அழுத்தினால் உள்ளிருந்து கசியும் சத்தம் மீண்டும் ஒலிவாங்கிக்குள் போய் விசிலடிக்கும். துணி உரசினால் சரசரப்பும் கேட்கும். காது அச்சை இறுக்கமாகப் புதிதாக எடுத்து, காதுப் பக்கம் மெல்லிய துணியைச் சற்றுத் தளர்வாகப் போட்டதும் பெரும்பாலும் சரியாகிவிட்டது. கருவியைப் பொருத்தப் போகும் நாளில், தினமும் அணியும் பர்தாவையே அணிந்து போய், அணிந்தபடியே சோதித்துக் கேளுங்கள். இதை நமக்குச் சொல்லித் தரும் விளம்பரம் எதுவும் கிடையாது.

கருவியை மாட்டிய முதல் நாள் சொர்க்கம் திறந்தது போல் இருக்காது. தட்டுச் சத்தமும் காற்றும் தன் குரலுமே எரிச்சலூட்டும். அடங்கியிருந்த மூளை மறுபடி பழக வாரங்கள் எடுக்கும். அமைதியான அறையில் நாளுக்குச் சில மணி நேரம் என்று தொடங்கி, மெல்லக் கூட்ட வேண்டும். இதைச் சொல்லாமல் கொடுத்த கருவிகள்தான் லாச்சிகளில் தூங்குகின்றன.

பெற்றோரிடம் ஒரு வார்த்தை. ஆண் பிள்ளைக்கென்றால் கருவி வாங்குகிறோம். பெண் பிள்ளைக்கென்றால் “நாளைக்குக் கல்யாணம் பேசும்போது என்ன சொல்றது?” என்று தயங்குகிறோம். கருவி போட்ட பிள்ளை படித்து, பேசி, தன் காலில் நிற்பாள். போடாத பிள்ளையின் குறையை எத்தனை நாள் மறைப்பீர்கள்? புகுந்த வீட்டில் மாமி கூப்பிட்டுத் திரும்பாத முதல் நாளே அது “திமிர்” என்று பெயர் பெறும். கண்ணாடி போட்ட பிள்ளையை “படிக்கிற பிள்ளை” என்கிறோம். காதில் கருவி போட்டவளை மட்டும் ஏன் வேறு பெயரால் அழைக்க வேண்டும்? “செவிடன் காதில் ஊதிய சங்கு” என்பதை வகுப்பறையில் பழமொழியாகச் சொல்வதையும் ஆசிரியர்களாகிய நாங்கள் விட்டுவிடலாம்.

எல்லோருக்கும் கருவி பலன் தராது என்பதும் உண்மை. மிகக் கடுமையான குறைவுள்ள பிள்ளைகளுக்கு உட்செவிப் பொருத்தமோ சைகை மொழியோ வழி. 1912 இல் மேரி செப்மன் தொடங்கிய பாடசாலையிலிருந்து இந்நாட்டில் அந்தக் கல்விக்கு நூறு வருடத்துக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. சைகையால் பேசுவதும் பேச்சுத்தான். 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், இயலாமையைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனத்தில் அனுமதியிலோ வேலையிலோ பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது.

முடிவாக, நாம் செய்யக்கூடிய மூன்றைச் சொல்கிறேன். முதலாவது, ஒவ்வொரு வகுப்பிலும் வருட ஆரம்பத்தில் பிள்ளைகளின் முதுகுக்குப் பின்னால் நின்று மெல்லிய குரலில் பத்துச் சொற்களைச் சொல்லி எழுத வைப்போம். தவறுபவரைத் திட்டாமல் வைத்தியரிடம் அனுப்புவோம். இரண்டாவது, பள்ளிவாசல் நிர்வாகமும் கோவில் சபையும் பழைய மாணவியர் சங்கமும் சேர்ந்து ஒரு பற்றரி நிதி வைக்கலாம். படம் எடுத்துக் கருவி வழங்குவது ஒருநாள் வைபவம். பற்றரியும் காது அச்சும் பஸ் காசும் வருடம் முழுவதும் தேவை. கருவி வாங்க வழியில்லாதவர் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் விண்ணப்பிக்க உதவுவதும் அந்தச் சபைகளின் வேலையாகட்டும். மூன்றாவது மாணவிகளுக்கு. களனிப் பல்கலைக்கழகத்தின் றாகம மருத்துவ பீடத்தில் பேச்சு, செவிப்புலன் விஞ்ஞானத்துக்கென்றே பட்டப்படிப்பு இருக்கிறது. ஒரு தோட்டத்துத் தாய் தன் பிள்ளையின் காதைப் பற்றித் தன் மொழியிலேயே கேட்டு, தன் மொழியிலேயே பதில் பெற வேண்டுமென்றால் உங்களில் சிலர் அங்கே போக வேண்டும்.

அந்த மாணவி இப்போது மேல் வகுப்பில் படிக்கிறாள். முன் வாங்கில் இருக்கிறாள். போன மாதம் பாடம் நடந்துகொண்டிருக்கும்போது கையை உயர்த்தி, “மிஸ், நீங்க இப்ப சொன்னது பிழை” என்றாள். பிழைதான். ஆறாம் தரத்து அறிக்கையில் நான் எழுதியதும்தான்.